நாலாம் வகுப்போடு நின்றவள் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது?

கல்லூரி விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். "விரும்பும் பாடப்பிரிவு" என்ற கட்டம் மட்டும் மூன்று நாள் காலியாகக் கிடந்தது. அப்போது எனக்கு வயது 26. பள்ளிக்கூடத்தைக் கடைசியாகப் பார்த்தது 9 வயதில், நாலாம் வகுப்பு பாதியில். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, தம்பி கைக்குழந்தை, வீட்டில் ஆள் வேண்டும், அவ்வளவுதான் கதை. இதில் வில்லன் யாரும் இல்லை. 13 வயதில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்கச் சேர்ந்தேன், 17 வயதில் கட்டிங் மேசைக்கு வந்தேன், 23 வயதில் ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து பள்ளிப் படிப்புக்குச் சமமான தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்து, இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறினேன். கணக்கில் தேறியது எப்படி என்று கேட்காதீர்கள், வழக்கமாக வரும் கேள்விகளை மனப்பாடம் செய்து எல்லைக்கோட்டில் தாண்டியதுதான். அந்தக் கடனை அப்புறம் வட்டியோடு கட்டினேன், அது கீழே வருகிறது.

பள்ளிக்குப் போகாதவர்களுக்கு என்ன குறை என்று கேட்டால் எல்லோரும் பாடங்களைச் சொல்வார்கள். எனக்கு முதலில் தட்டுப்பட்ட குறை வேறு. என்னோடு விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்ற பிள்ளைகள் "கெமிஸ்ட்ரி எனக்கு ஆகாது", "வரலாறு எடுத்தா தூங்கிடுவேன்" என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். 12 வருடம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேண்டாதது எது என்றாவது தெரிந்திருக்கிறது. எனக்குப் பிடிக்காத பாடம் என்று ஒன்றுகூடக் கிடையாது. பிடிக்காமல் போவதற்குக்கூட அதை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும் இல்லையா? பட்டியலில் இருந்த பாதிப் பெயர்கள் எனக்கு வெறும் பெயர்கள். மனிதச் சமூகங்களையும் பண்பாட்டையும் ஆராயும் மானுடவியலை மருத்துவத்தில் ஒரு பிரிவு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இந்த நிலையில் இருப்பவர்களை யார் எது சொன்னாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். என்னையும் இழுத்தது.

கடைக்கார அக்கா சொன்னது ஃபேஷன் டிசைன். "உனக்குத்தான் கைத்தொழில் இருக்கே, அங்க போனா நீதான் முதல் மார்க்" என்றார். தப்பில்லாத யோசனை. தெரிந்த தொழிலின் பக்கத்திலேயே படிப்பை எடுப்பது பலருக்குச் சரியாக வரும், முதல் வருடத்தில் மூச்சுத்திணறாது, கூடப் படிப்பவர்களுக்கு முன்னால் கூனிக்குறுக வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. நமக்கு அந்தத் தொழில் பிடித்ததால் செய்தோமா, அதுதான் கிடைத்தது என்பதால் செய்தோமா என்று நாமே நம்மைக் கேட்டிருக்க மாட்டோம். நான் கேட்டதில்லை. 13 வருடம் ஒரு வேலையைச் செய்தவளுக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிக்க நேரம் ஏது?

நான் தனியாக யோசித்துக் கண்டுபிடித்தது இலக்கியம். படிப்பு நின்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பள்ளிக்கூடம் கதைப் புத்தகங்கள்தான், கட்டிங் மேசைக்குக் கீழே எப்போதும் ஒன்று இருக்கும். அனுமதி கேட்டு ஒரு இலக்கிய வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இப்படிக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள், வகுப்புக்கு முன்னால் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்ல வகுப்புதான். ஒரு கவிதையின் நாலு வரியை முக்கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கண் மின்னியது. எனக்கோ என் வீட்டுக்குள் யாரோ செருப்போடு வந்து சாமான்களை நகர்த்துவதுபோல இருந்தது. புத்தகம் எனக்கு ஒளிந்துகொள்ளும் இடம், அங்கே கெடு தேதியும் மதிப்பெண்ணும் வர வேண்டாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு விஷயத்தை நேசிப்பது வேறு, அதை மூன்று நாலு வருடம் வேலையாகச் செய்வது வேறு. இதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியும்போது ஒரு வருடம் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு இழுப்பு இருந்தது, அதை வெளியில் சொன்னதில்லை. எது ரொம்பக் கஷ்டமோ, எதைக் கேட்டதும் எல்லோரும் வாயைப் பிளப்பார்களோ அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. விட்டுப்போன வருடங்களுக்குப் பழிவாங்குவது மாதிரி. என்னைப் போன்றவர்களில் கணிசமானவர்களுக்கு இது உள்ளே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அதற்குக் காலையில் 5 மணிக்கு எழுப்பிவிடும் சக்தி உண்டு, ஆனால் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதனிடம் கொடுத்துவிடக் கூடாது. காட்ட வேண்டிய ஆட்களுக்கு இரண்டு மாதத்தில் நாம் என்ன படிக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

திருப்பம் வந்தது பாடத்திட்டத்தைப் படித்தபோது. கல்லூரிகள் அச்சடித்துத் தரும் வண்ணத் தாள் இல்லை, அதில் எல்லாத் துறையும் ஒரே மாதிரிச் சிரிக்கும். ஒவ்வொரு பருவத்திலும் என்னென்ன தாள், ஒவ்வொரு தாளிலும் என்னென்ன அலகு என்று வரிவரியாகப் போட்டிருக்குமே, அந்த அழுக்குக் கறுப்பு வெள்ளை ஆவணம். ஃபேஷன் டிசைன் பாடத்திட்டம் முழுக்கப் படித்தேன். வரைபடம், துணி வகை, நிறம், வரலாறு, விற்பனை. எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் இருந்த ஒரே ஒரு அலகுக்கு மட்டும் மறுபடி மறுபடி திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஆயத்த ஆடைகளுக்கு அளவு எண்கள் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன என்ற அலகு. 38, 40, 42 என்று போடுகிறார்களே, அது.

ஏன் அது என்றால், கடையில் என் பாதி வாழ்க்கை அந்தச் சண்டைதான். கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டையை எடுத்துக்கொண்டு வருவார்கள், "என் சைஸ்தான் வாங்கினேன், தோள் இறங்குது" என்பார்கள். மார்பு சரியாக இருப்பவருக்குக் கை நீளம் சரியாக இருக்காது, கை சரியென்றால் இடுப்பு தொளதொளவென்று நிற்கும். எல்லா அளவும் நடுவாக உள்ள ஆளுக்குத் தைத்த சட்டை அது. அந்த ஆள் யார்? என் 13 வருடத்தில் அவரை நான் சந்தித்ததே இல்லை.

அந்த அலகைப் பற்றித் தேடிப் படிக்கப் போனதில் ஒன்று இன்னொன்றுக்குக் கூட்டிப்போனது. அமெரிக்காவில் 1939-40ல் சுமார் 15,000 பெண்களை நாடாவால் அளந்து, ஆளுக்கு 50க்கு மேற்பட்ட அளவு எடுத்து, ஆடை அளவுகளுக்கு ஒழுங்கு கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். செய்தது அந்நாட்டு விவசாயத் துறை. விவசாயத் துறைக்குச் சட்டை அளவோடு என்ன வேலை என்று நானும்தான் சிரித்தேன், மனையியல் பிரிவு அந்தத் துறைக்குள் இருந்ததாம். அப்புறம் 1950ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் அதில் 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் நடுவாக உள்ளவர் எத்தனை பேர் என்று பார்த்தார். நடு என்றால் துல்லியமான சராசரிகூட இல்லை, ஒவ்வொரு அளவிலும் நடுவில் வரும் ஏறக்குறைய 30 சதவீதம் பேரைச் சேர்க்கும் அளவுக்குத் தாராளமாக விட்டுத்தான். விடை பூஜ்யம். ஒருவர்கூட இல்லை. படித்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டேன். கட்டிங் மேசையில் எனக்குக் கை சொல்லிக்கொடுத்ததை ஒருவர் எண்ணிக் காட்டியிருக்கிறார்.

இதற்கெல்லாம் முன்னால் 1846லேயே பெல்ஜியத்துக்காரர் கெட்லே ஒரு அட்டவணை வெளியிட்டிருக்கிறார். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்புச் சுற்றளவு, இன்ச் கணக்கில். 33 இன்ச் 3 பேர், 36 இன்ச் 185 பேர், 40 இன்ச் 1,079 பேர், அப்புறம் இறங்கி 48 இன்ச் ஒரே ஒருவர். ஒரு புள்ளியியல் அறிமுகப் புத்தகத்தில் இருந்தது இது. கடையின் அளவு நோட்டை யாரோ அச்சுப் போட்டமாதிரி. அந்தப் புத்தகத்தின் மற்ற பக்கங்கள் ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த ஒரு பக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது, அதை எழுதியவரைவிட அந்த நாடாவை நான் அதிகம் பிடித்திருப்பேன் என்று ஒரு திமிரும் வந்தது.

ஆக நான் தேடிக்கொண்டிருந்தது ஃபேஷன் டிசைனில் ஒரு அலகாக ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் சொந்த வீடு புள்ளியியல் துறை. உங்களுக்கும் இப்படிச் செய்து பார்க்கச் சொல்வேன். மூன்று நாலு துறைகளின் முழுப் பாடத்திட்டத்தை எடுங்கள், கண் எந்த அலகில் தானாகத் திரும்ப வந்து நிற்கிறது என்று பாருங்கள், பிறகு அந்த அலகு முழுப் படிப்பாக எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். துறையின் பெயர் நம்மை ஏமாற்றும். பெயர் கேட்டுப் பிடித்துப்போன துறையின் உள்ளே நமக்கு வேண்டியது ஒரு அலகுதான் இருக்கும், பெயர் கேட்டே பயந்த துறையில் மொத்தமும் இருக்கும்.

பயந்த துறை என்றேன். புள்ளியியல் என்றால் கணக்கு. கல்லூரியில் சேர்வதற்கு முன் ஒரு நிலையறித் தேர்வு வைத்தார்கள், யாரை எந்தக் கணக்கு வகுப்பில் உட்காரவைப்பது என்று பார்ப்பதற்கு. அதில் ஒரு கேள்வி: 3/8 + 1/4. நான் எழுதிய விடை 4/12. மேலே உள்ளதை மேலே கூட்டினேன், கீழே உள்ளதைக் கீழே கூட்டினேன், நியாயமாகத்தானே பட்டது! தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கைப்பையில் எப்போதும் கிடக்கும் இன்ச் டேப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரு இன்சுக்கு எட்டுக் கோடு. கால் இன்ச் என்றால் இரண்டு கோடு, எட்டில் மூன்று என்றால் மூன்று கோடு, மொத்தம் ஐந்து கோடு, 5/8. இதை நான் தினமும் 50 தடவை செய்கிறேன். 34 இன்ச் மார்பில் கால்பாகம் வேண்டுமென்றால் டேப்பை இரண்டு மடிப்பு மடித்தால் எட்டரை, மனதில்கூடப் போட வேண்டியதில்லை. இன்னும் வெட்கம் என்னவென்றால் நான் எழுதிய 4/12 என்பது மூன்றில் ஒன்று, 3/8ஐவிடச் சின்னது. துணியோடு துணி சேர்த்துத் தைத்தால் துணி குறைந்துபோனது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றைக்கு அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டேப் கையில் இருந்ததால் ஒன்று பிடிபட்டது. எனக்குத் தெரியாதது பின்னம் இல்லை, பின்னத்தைத் தாளில் எழுதும் முறை. பள்ளிக்குப் போகாதவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு "எனக்குக் கணக்கே வராது" என்று ஒரு துறையையே கைகழுவிவிடுகிறோம். வராது என்பது வேறு, யாரும் காட்டவில்லை என்பது வேறு. எது எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, யாராவது காட்ட ஒரு மாதம் உட்கார்ந்து பார்ப்பது. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

சில படிப்புகள் ஏணி மாதிரி. ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. கணிதம், இயற்பியல், பொறியியல், ஓரளவுக்கு வேதியியல், என் புள்ளியியல். வேறு சில படிப்புகள் மைதானம் மாதிரி, எந்த வாசல் வழியாக வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வரலாறு, சமூகவியல், மானுடவியல் போன்றவை. ஒரு நாட்டின் வரலாறு தெரியாமலே இன்னொரு நாட்டின் வரலாற்று வகுப்பில் உட்காரலாம். இதை வைத்துப் பலரும் "பள்ளி போகாதவங்களுக்கு மைதானம்தான் சரி" என்று அறிவுரை சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மைதானத்துக்கும் மறைவான ஒரு படி உண்டு, அது எழுத்து. பத்துப் பக்கக் கட்டுரையை வாதமாகக் கட்டி, ஆதாரம் காட்டி எழுதுவது 12 வருடத்தில் மெல்ல மெல்லப் படிவது, அது விட்டுப்போயிருக்கிறது என்று எந்த நிலையறித் தேர்விலும் தெரியாது. ஏணியில் விட்டுப்போன படி பளிச்சென்று தெரியும், இந்த இடத்தில் ஓட்டை என்று கை வைத்துச் சொல்லலாம். என்னைக் கேட்டால் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை மேல். இது என் சுபாவமாகக்கூட இருக்கலாம், துணியில் கிழிசல் எங்கே என்று தெரிந்தால் ஒட்டுப் போட்டுவிடுவேன்.

என் ஏணியை மேலிருந்து கீழே எழுதினேன். முதல் வருடப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பரவல் இருக்கிறது, அதற்குத் தொகையீடு வேண்டும், அதற்கு வகையீடு, அதற்குச் சார்பு, அதற்குச் சமன்பாடு, அதற்கு எழுத்துகளை வைத்துக் கூட்டிக் கழிப்பது, அதற்குக் குறை எண், அதற்குப் பின்னம். தெரிந்த ஒன்று வரும்வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். பின்னத்தில் வந்து நின்றது, அதாவது ஐந்தாம் வகுப்பு. சரியாக நான் விட்ட இடத்துக்கு அடுத்த படி. ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டுத்தான் வெளியே எடுத்துப்போனேன். வெட்கப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

இலவசமாகக் கற்றுத்தரும் தளங்கள் இருக்கின்றன, கான் அகாடமியில் எண்ணுவதில் தொடங்கி நுண்கணிதம் வரை வரிசையாக இருக்கிறது, எந்த வயது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் எனக்குத் திரை மட்டும் போதவில்லை. விடை தப்பு என்று அது சொல்லும், என் தலைக்குள் எந்த இடத்தில் தையல் பிசகியது என்று சொல்லாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் மகள் கணிதம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள், வாரம் இரண்டு மாலை அவள் எனக்குச் சொல்லித்தருவது, அவளுக்கு நான் தைத்துத் தருவது என்று ஒப்பந்தம். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை டீச்சர் என்பேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று நான் கேட்டபோது அவள் வாயடைத்துப் போனாள், ஏழாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் போட்டு வருகிறாளாம், யோசித்ததில்லை. மறுவாரம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்: மைனஸ் 2ஐ 3ஆல் பெருக்கினால் மைனஸ் 6, 2ஆல் பெருக்கினால் மைனஸ் 4, 1ஆல் மைனஸ் 2, பூஜ்யத்தால் பூஜ்யம், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஏறுகிறது, அடுத்த படி மைனஸ் 1, அங்கே என்ன வர வேண்டும் சொல்லுங்க அக்கா என்றாள். பிளஸ் 2. தாமதமாகப் படிப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு, எதையும் சும்மா விழுங்க முடிவதில்லை. அப்படி 14 மாதம் ஆனது. கல்லூரியில் கேட்டு ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்தேன்.

இந்த 14 மாதத்தில் நலம் விரும்பிகள் அடிக்கடி சொன்ன பெயர் மைக்கேல் ஃபாரடே. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர், பெரிய படிப்பில்லை, 1831ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார், நீயும் சாதிப்பாய் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே ஃபாரடே 1857ல், தமக்கு 66 வயதானபோது, இயற்பியல் அறிஞர் மேக்ஸ்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நீங்கள் கணிதத்தில் கண்ட முடிவுகளை அந்தச் சித்திர எழுத்திலிருந்து பெயர்த்து, எங்களைப் போன்றவர்களுக்கும் புரியும் சாதாரண மொழியில் சொல்ல முடியாதா என்று. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. அவ்வளவு பெரிய ஆளையும் விட்டுப்போன படி கடைசிவரை உறுத்தியிருக்கிறது. எனக்கு இந்தப் பாதிதான் தெம்பாக இருந்தது.

சேர்வதற்கு முன் நான் கேட்டதில் மிகவும் உதவிய கேள்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துறைத் தலைவரிடம் போய் "இந்தப் படிப்பு எப்படி சார்?" என்று கேட்டால் நல்லபடியாகத்தான் சொல்வார். மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, "போன வாரம் ராத்திரி கண்முழிச்சு என்ன வேலை பண்ணீங்க?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில், "ஒரு சர்வே டேட்டாவில் யாரோ வயசுக்குப் பதிலா பிறந்த வருஷத்தைப் போட்டுட்டாங்க, அதையெல்லாம் தேடித் தேடித் திருத்தினேன்." கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது! ஒரு படிப்பின் அலுப்பான பகுதி நமக்கு அவ்வளவாக அலுக்கவில்லை என்றால் அது நல்ல சகுனம். சுவாரசியமான பகுதி எல்லோருக்கும்தான் பிடிக்கும்.

கூடவே அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: பாடப்பிரிவை எந்தத் தேதிவரை மாற்றலாம், மாற்றினால் அதுவரை எடுத்த மதிப்புப் புள்ளிகள் (கிரெடிட்) கூட வருமா, அடிப்படைக்கு இணைப்பு வகுப்பு உண்டா, அது பட்டத்தில் சேருமா இல்லை அதிகப்படியா. பல இடங்களில் முதல் வருடம் பொதுவாகப் படித்துவிட்டு இரண்டாம் வருடத்தில் பிரிவைச் சொன்னால் போதும், நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். சேர்க்கைக் கதவு திறந்திருப்பதையும் நாம் தயாராக இருப்பதையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. 1969ல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பெரும்பாலான பட்டப் படிப்புகளுக்கு முன்தகுதி எதுவும் கேட்பதில்லை, ஆனால் நேராகக் குதிக்கத் தயங்குபவர்களுக்கென்று தனியாக முன்படிப்பும் வைத்திருக்கிறது. கதவைத் திறந்தவர்களுக்கே படிக்கட்டும் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

முதல் பருவம் எப்படிப் போனது என்றால், அடி. பாடத்தில் இல்லை, பாடத்தைச் சுற்றி. ஆசிரியர்கள் "இதை ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப்போகும் ஒவ்வொரு தடவையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். முதல் மாத முடிவில் 43 கோடு. பக்கத்தில் என்ன விஷயம் என்றும் குறித்திருந்ததால் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன், திரும்பத் திரும்ப வந்ததைக் கழித்தால் 16, அதில் உண்மையிலேயே தேவைப்பட்டது 9. மடக்கை, முக்கோணவியலில் கொஞ்சம், நீளமான கூட்டலைச் சுருக்கி எழுதும் சிக்மா குறி, இப்படி. 17 வருடப் பள்ளம் என்று நான் பயந்துகொண்டிருந்தது, ஒன்பது வரியாகச் சுருங்கி ஒரு பக்கத்தில் கிடந்தது. எண்ணுங்கள். பயம் எண்ணிக்கைக்கு முன்னால் கொஞ்சம் அடங்கும்.

எண்ணிப் பிடிக்க முடியாத சிலதும் இருந்தன. முதல் ஒப்படைப்பில் ஒரு புத்தகத்திலிருந்து இரண்டு பத்தியை அப்படியே எழுதிக் கொடுத்தேன், எங்கிருந்து எடுத்தேன் என்று போடவில்லை. திருட்டு என்று கூப்பிட்டு விசாரித்தார்கள். புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் படிப்பு என்று நாலாம் வகுப்பில் கற்றுக்கொண்டு அத்தோடு நின்றவள் நான் என்று விளக்க எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் நுண்கணித முதல் தேர்வில் தோற்றேன், கணக்கு தெரியாமல் இல்லை. மூன்று மணி நேரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லாமல், முதல் கேள்வியைத் தப்பில்லாமல் முடித்தே தீருவேன் என்று ஒரு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடை வேலையில் பாதித் தைத்த சட்டையைக் கொடுத்து அனுப்ப முடியாது, தேர்வில் பாதித் தைத்ததற்கும் மார்க் உண்டு. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம், அதனால் நான் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் சில இடங்களில் மற்றவர்கள் தடுமாறும்போது எனக்கு வழுக்கிக்கொண்டு போனது. விலக்கங்களை, அதாவது ஒவ்வொரு அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை, ஏன் வர்க்கப்படுத்த வேண்டும், சும்மா கூட்டினால் என்ன என்று வகுப்பில் ஒரு விவாதம். கணித ரீதியாகப் பல காரணங்கள் உண்டு. எனக்கு உடனே தோன்றியது, அளவு அரை இன்ச் தப்பினால் தையலுக்குள் சமாளிக்கலாம், ஒரு இன்ச் தப்பினால் பிரித்துத் தைக்கணும், மூன்று இன்ச் தப்பினால் துணியே போச்சு, தப்பு மூன்று மடங்கானால் நஷ்டம் மூன்று மடங்கோடு நிற்பதில்லை. கையைத் தூக்கிச் சொல்ல எனக்கு நாலு நிமிடம் பிடித்தது. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதினார்.

கடைசி வருடத் திட்டப்பணிக்குக் கடையின் அளவு நோட்டுகளைக் கேட்டேன். பெயர்களை விட்டுவிட்டு வரிசை எண் மட்டும் போட்டு, மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், சட்டை உயரம் ஐந்தையும் கணினியில் ஏற்றினேன். ஐந்திலும் நடுவாக வருபவர் யாராவது உண்டா என்று பார்த்ததில் ஒரே ஒரு வரிசை எண் வந்தது. எனக்குப் பரவசம், 13 வருடமாக நான் பார்க்காத அந்தச் சராசரி ஆள்! அக்காவுக்கு ஃபோன் போட்டு எண்ணைச் சொன்னேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது, அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இவரா? ஒவ்வொரு தடவையும் எங்கேயோ இடிக்குதுன்னு திருப்பிக் கொண்டுவர்றவர்டி இவரு."